ஐந்தாவதுதான் தேறியது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். ரங்கூனில் மழை விட்டாச்சு, கரண்ட் மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது.

போன தடவை போனில் உன் மகன் "தாத்தா, எனக்கு ஒக்கரினா வேணும்" என்றானே, நானும் வீறாப்பாக "தாத்தாவே செஞ்சு தாரேன்" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் அது என்ன சாமான் என்று யூடியூபில் தேடினேன். மண்ணால் செய்த ஊதல், அவ்வளவுதான். மண் ஊதல்கள் சீனாவிலும் மெக்சிகோ பக்கமும் ரொம்பப் பழங்காலத்திலிருந்தே உண்டு. இந்தப் பெயரும் உருவமும் மட்டும் இத்தாலியில் புத்ரியோ என்ற ஊரில் 1853 வாக்கில் தொனாத்தி என்பவரால் வந்ததாம், அவர்கள் பேச்சில் 'சின்ன வாத்து' என்று அர்த்தம். நான் செய்த முதல் உருப்படியைப் பார்த்துவிட்டு உன் அம்மா "வாத்தா? கொழுக்கட்டை மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

மண்ணுக்கு எங்கே போவது? பன்சோடான் துறையில் படகேறி டாலா போய், அங்கிருந்து துவாண்டே. பானை செய்கிற ஊராச்சே. ஒரு குயவர் வீட்டில் அரை மூட்டை மண் கொடுத்தார்கள், காசு வாங்க மாட்டேன் என்றார்கள், கிழவன் விளையாட வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

உருண்டையை இரண்டாகப் பிரித்து, கட்டைவிரலால் அழுத்தி இரண்டு சின்னக் கிண்ணம் செய்து, விளிம்பை முள்கரண்டியால் கீறி, மண்கூழ் தடவி ஒட்டினால் வயிறு தயார். அதுவரை சுலபம். கஷ்டமெல்லாம் வாயில்தான். ஐஸ் குச்சியைச் செருகிக் காற்று போக வழி விட்டு, அது வயிற்றுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்ட வேண்டும், அந்தச் சதுரத்தின் எதிர் விளிம்பைச் சாய்வாகச் சீவிக் கத்தி முனை மாதிரி ஆக்க வேண்டும். ஊதுகிற காற்று அந்த முனையில் பட்டு மேலும் கீழுமாகப் பிரிந்தால்தான் சத்தம். ஒரு அரிசி பருமன் விலகினாலும் வெறும் 'உஸ்ஸ்'. ஈரமண்ணில் வெட்டி இரண்டு தொய்ந்து போயின, ஒன்றில் மண் துகள் உள்ளே அடைத்துக்கொண்டது, நாலாவது ஊதியது, அவசரப்பட்டு வெயிலில் வைத்தேன், ஒட்டிய இடத்தில் பிளந்துவிட்டது. எனக்குப் பொறுமை இல்லை என்று நீ சின்ன வயசில் சொல்வாய், சரிதான்.

ஐந்தாவதைப் பாதி காயவிட்டுச் செதுக்கினேன். வாய்த்துளை வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்தேன், அந்த முனை நடுவில் ஒரு கோடாகத் தெரிந்தது. ராத்திரி கரண்ட் இல்லை. மெல்ல ஊதினேன். புறா முனகுகிற மாதிரி ஒரு சத்தம், பாப்பா! அம்மா மெழுகுவர்த்தியோடு ஓடிவந்து "பூனையா?" என்று கேட்டாள்.

இதில் ஒரு வேடிக்கை கேள். புல்லாங்குழலில் துளை எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு, இதில் எங்கே வேண்டுமானாலும் போடலாம், எவ்வளவு பெரிய துளை என்பதுதான் கணக்கு. காலி பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அந்த மாதிரி சத்தம்தான், உள்ளே இருக்கிற காற்று மொத்தமும் சேர்ந்து அதிர்கிறது. அதனால் நாலு துளை, ஒவ்வொன்றும் வேறு அளவு, ஆணியால் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தி போனில் சுருதி வைத்துச் சரி பார்த்தேன். நிழலில் நன்றாகக் காயவைத்துத் துவாண்டேக்கு எடுத்துப் போனேன், அவர்கள் சூளையில் ஒரு பானைக்குள் வைத்துச் சுட்டுத் தந்தார்கள். வந்து ஊதினால் என் 'ச' கிட்டத்தட்ட 'ரி' ஆகியிருக்கிறது! மண் காய்ந்து வெந்தால் நூற்றுக்குப் பத்து போலச் சுருங்குமாம், வயிறு சிறுத்தால் சுருதி ஏறத்தானே செய்யும். துளைகளுக்குள் உள்ள உறவு கெடவில்லை, பாட்டு வரும், சேர்ந்து வாசிக்கிறவர்தான் சுருதியைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாதம் அங்கே வருகிறவர் ஒருவரிடம் பழைய லுங்கியில் சுற்றிக் கொடுத்து விடுகிறேன். மெல்ல ஊதச் சொல், பலமாக ஊதினால் சுருதி இன்னும் ஏறும். கீழே போட்டு உடைத்தால் அவனைத் திட்டாதே, இங்கே மண் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா