செயலாளர் ஆண்டறிக்கை: சிகாகோவில் ஒத்திகையில்லா நகைச்சுவையின் தொடக்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, சிகாகோ வாழ் தமிழ் நாடக ஆர்வலர்களாகிய நாம் இவ்வாண்டின் கூட்டங்களை, இந்நகரில் வேர்விட்ட இம்ப்ராவ் நகைச்சுவையின், அதாவது எழுதிவைத்த வசனமின்றி மேடையிலேயே உருவாக்கி நடிக்கும் நகைச்சுவையின், வரலாற்றுக்கே ஒதுக்கினோம். வழக்கமான பொங்கல் நாடகம் மட்டும் இதற்கு விலக்கு. அதுவும் குறைவின்றி நடந்தேறியது.

முதற்கூட்டங்கள் காம்பஸ் என்ற நாடகக் குழுவைப் பற்றியவை. டேவிட் ஷெப்பர்டும் பால் சில்ஸும் 1955 ஜூலையில், இந்நகரின் ஹைட் பார்க் பகுதியில் 55ஆம் தெருவில், சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த ஒரு மதுக்கூடத்தில் இதைத் தொடங்கினார்கள். அன்றைய செய்தித்தாளை மேடையிலேயே வாசித்து நையாண்டி செய்வது, கதைப்போக்கு மட்டும் வகுக்கப்பட்ட நாடகத்துக்கு நடிகர்களே வசனம் கண்டு நடிப்பது, பின்னர் பார்வையாளர் சொல்லும் பொருளில் காட்சிகள் அமைப்பது என்று அவர்களுடைய மாலைகள் கழிந்தன. பின்னாளில் புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞர்களான மைக் நிக்கோல்ஸ், எலைன் மே, ஷெல்லி பெர்மன் ஆகியோர் இங்கிருந்து புறப்பட்டவர்களே. தொழிலாளர்களுக்கான அரங்கு வேண்டுமென்று ஷெப்பர்ட் கனவு கண்டார்; வந்து அமர்ந்தவர்களோ பெரும்பாலும் பல்கலைக்கழகத்தார். நம் அழைப்பிதழ்களும் யாரைச் சென்றடைகின்றன என்பதைச் செயற்குழு இங்கே கருத்தில் கொள்ளலாம். 1957இன் தொடக்கத்தில் சிகாகோ காம்பஸ் மூடப்பட்டது. எனினும் அதே ஆண்டு செயின்ட் லூயிஸில் தியோடர் ஃப்ளிக்கர் நடத்திய கிளையில், சக நடிகர் மேடையில் முன்வைப்பதை மறுக்கலாகாது என்பது போன்ற விதிகள் உருப்பெற்றன.

இந்த வரலாற்றில் உரிய இடம் பெறாதவர் சில்ஸின் தாயார் வயோலா ஸ்போலின் என்பது என் கருத்து. ஹல் ஹவுஸ் என்ற சிகாகோ சமூக நல மையத்தில், விளையாட்டு வழிக் கல்வியாளர் நீவா பாய்டிடம் பயின்ற அவர், 1939 முதல் 1941 வரை அரசின் வேலைத்திட்டத்தின்கீழ் நாடகப் பயிற்சிக்குப் பொறுப்பேற்று, பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்காக விளையாட்டுகளை வகுத்தார். மகன் நடிகர்களுக்குக் கற்றுக்கொடுத்தவற்றின் ஊற்று அந்த விளையாட்டுகளே. அவற்றுள் கண்ணாடி விளையாட்டை நாமும் ஆடிப்பார்த்தோம்: இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் கையசைத்தால் மற்றவர் அதே வேகத்தில் அசைக்க வேண்டும்; நடத்துநர் 'மாற்று' என்றதும் தலைமை கைமாறும்; மாற்றங்கள் விரைவாகிவிட்டால் யார் யாரைப் பின்தொடர்கிறார் என்பது ஆடுபவர்க்கே விளங்காது. பபூனும் நடனக்காரியும் முன்னொத்திகையின்றி வார்த்தைக்கு வார்த்தை கொடுக்கும் ஸ்பெஷல் நாடகத்தை ஊரில் பார்த்து வளர்ந்த உறுப்பினர்கள் இதில் எளிதாகத் தேறியதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

1959 டிசம்பர் 16 அன்று சில்ஸ், ஹோவர்ட் ஆல்க், பெர்னி சாலின்ஸ் ஆகியோர், வடக்கு வெல்ஸ் தெருவில் முன்பு சீனச் சலவைக் கடையாயிருந்த இடத்தில் செகண்ட் சிட்டி ('இரண்டாம் நகரம்') என்ற நகைச்சுவை அரங்கைத் திறந்தார்கள். எழுத்தாளர் ஏ.ஜே. லீப்ளிங் நியூயார்க்கர் இதழில் சிகாகோவை ஏளனம் செய்து எழுதிய கட்டுரைகளின் தலைப்பையே அவர்கள் பெயராகச் சூடிக்கொண்டார்கள். நிகழ்ச்சி முடிந்தபின் பார்வையாளர் யோசனைகளைக்கொண்டு நடித்துப் பார்த்து, அவற்றில் தேறியவற்றை மெருகேற்றி அடுத்த நிகழ்ச்சியில் சேர்ப்பது அவர்கள் வழக்கம். இதனால் மேடையேறியது பெரும்பாலும் பழகிய காட்சியே. மாறாக, அந்தக் கணத்தில் பிறக்கும் நடிப்பே முழு நிகழ்ச்சியாக அமைய முடியும் என்று, செகண்ட் சிட்டியில் நடிகராகவும் இயக்குநராகவும் இருந்த டெல் குளோஸ் வாதாடினார். 1980களில் ஷார்னா ஹால்பெர்னுடன் சேர்ந்து அதை, ஒன்றோடொன்று தொடர்புடைய காட்சிகளாக நீளும் 'நீண்ட வடிவ' இம்ப்ராவாக இந்நகரில் நிலைநிறுத்தினார். இவ்விருவகையுள் நமக்கு எது என்ற விவாதம் நம் கூட்டத்தில் நேரம் கடந்தும் நீடித்தது. தமிழ் நாடகக்காரர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில் நாடகப் பிரதியைக் கையில் எடுக்கும் முன் ஒவ்வொரு கூட்டத்திலும் ஸ்போலின் விளையாட்டுகளைத் தமிழில் ஆட வேண்டும் என்ற பரிந்துரையுடன், இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்