ஓவர்டைமும் வாடகையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு வாடகை வீடு கிடைத்தவர்கள் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று சென்ற இதழ்க் கட்டுரை வருத்தப்பட்டிருந்தது. அப்படி ஒரு வீட்டில் ஏழு வருடம் குடியிருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

கட்டுரையாளர் அமெரிக்காவை உதாரணம் காட்டுகிறார். சரி, அங்கேயே பார்ப்போம். அங்கே பொதுக் குடியிருப்பு, அதாவது அரசு வாடகை வீடுகளின் வாடகை பெரும்பாலும் குடும்ப வருமானத்தை வைத்துத்தான். வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1969-இல் சட்டம் வந்தது. 1981-இல் அதை 30 ஆக்கினார்கள். வேலை போனால் வாடகையும் இறங்கும், அந்த வகையில் நல்ல விதி. ஆனால் ஓவர்டைம் பார்த்து 100 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தால், சுமார் 30 டாலர் வாடகைக்குப் போய்விடும். வரி, பேருந்துச் செலவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் அதற்கு அப்புறம். எனக்கும் வருமானத்தை ஒட்டிய வாடகைதான். சம்பளம் உயர்ந்து இரண்டு மாதத்துக்குள் வாடகை உயர்வுக் கடிதம் வந்து நின்றது. அடுத்த ஓவர்டைமுக்கு நான் 'முடியாது' என்றதைச் சோம்பல் என்று யாராவது எழுதியிருப்பார்கள்.

சிகாகோவில் 1997-இல் வாடகை வவுச்சர்களை, அதாவது தனியார் வீட்டு வாடகையில் ஒரு பங்கை அரசே கட்டும் உதவியை, குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். அதை ஆராய்ந்த ஜேக்கப், லுட்விக் என்ற பொருளியலாளர்கள், வவுச்சர் பெற்றவர்களில் வேலை செய்வோர் ஏறத்தாழ 6 சதவீதமும் வருமானம் 10 சதவீதமும் குறைந்ததாகக் கண்டார்கள். இதை நான் மறுக்கவில்லை. அங்கேயும் வருமானம் ஏறினால் வாடகைப் பங்கும் ஏறும் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை என்பதுதான் என் குறை.

'ஜாப்ஸ் பிளஸ்' திட்டத்தைப் பற்றியும் ஒரு வரி இல்லை. 1990-களின் கடைசியில் சில அமெரிக்க நகரங்களின் பொதுக் குடியிருப்புகளில் தொடங்கியது. வளாகத்துக்குள்ளேயே வேலை தேட உதவி, அக்கம்பக்கத்தார் வாயிலாக வேலைச் செய்தி, எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பளம் கூடினாலும் வாடகை அதே வேகத்தில் ஏறாது என்ற உறுதி. ஒழுங்காக நடத்திய லாஸ் ஏஞ்சலஸ், செயின்ட் பால், டேட்டன் மூன்றிலும் சேர்த்து, ஏழு ஆண்டுக் கணக்கில், திட்டம் இல்லாத குடியிருப்புகளைவிட மக்களின் சம்பாத்தியம் சராசரியாக 16 சதவீதம் கூடுதல். அரைகுறையாக நடத்திய இடங்களில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் எல்லாமே அதே போன்ற குடியிருப்புகள், அதே போன்ற குடும்பங்கள்தான்.

இன்னொன்று, வீடு இருக்கும் இடம். வேலை ஒரு மூலையில், குடியிருப்பு இன்னொரு மூலையில் என்றால், முதல் பேருந்து வருவதற்குள் காலை ஷிப்ட் தொடங்கிவிடும். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தாலும் கிளம்பத் தயக்கம். வீட்டை விட்டால் திரும்ப வரிசையின் கடைசியில்தானே நிற்க வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இதற்காகவே பதவி உயர்வை விட்டார். அவரை நாங்கள் எல்லோரும் கேலி செய்தோம், நானும்தான்.

வாடகையை வருடத்துக்கு ஒருமுறை மட்டும் திருத்தினாலே பாதித் தயக்கம் போகும். அடுத்த கட்டுரைக்கு முன், சம்பளம் உயர்ந்த மாதத்தில் கையில் எவ்வளவு நின்றது என்று குடியிருப்போர் நாலு பேரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி