நம் இன்டோரை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புள்ள மார்க்கர் அண்ணனுக்கும், தச்சு மேஸ்திரிக்கும், அலுவலக அக்காவுக்கும், வரலாற்றுத் துறை மேடத்துக்கும், கைகொடுத்த மற்ற எல்லோருக்கும்,

வணக்கம்.

கல்லூரியின் பழைய கூடைப்பந்துக் கூடம், நாம் எல்லோரும் இன்டோர் என்றே சொல்லிப் பழகிய அந்த இடம், மறுபடியும் திறந்தாகிவிட்டது. கூரை ஒழுகவில்லை. தரை சமமாக இருக்கிறது. இரண்டு ரிங்கிலும் புது நெட் தொங்குகிறது. திறப்பு அன்று இருந்த கூட்டத்தில் யாரிடமும் நின்று பேச முடியவில்லை. சொல்ல வேண்டியதை எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடுவதே முறை என்று தோன்றியது.

முதல் நன்றி மார்க்கர் அண்ணனுக்கு. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரை நாங்கள் மார்க்கர் என்றுதான் சொல்வோம். நாங்கள் மாணவிகள் அணியில் ஆடிய காலத்தில் இன்டோரின் சாவி அவரிடம்தான் இருக்கும். விடியற்காலைப் பயிற்சிக்குத் தூக்கக் கலக்கத்தோடு வந்து சேர்ந்தால் விளக்கு எரியும், தரை துடைத்துக் கிடக்கும். அகலமான துடைப்பானை ஒரு கோடியில் வைத்தால் மறு கோடி வரை தூக்காமல் தள்ளிக்கொண்டே போவார். நடுவில் தூக்கினால் சேர்ந்த தூசி அங்கேயே உதிரும், வேகமாக ஓடி வருகிற பெண் அதில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொள்வாள் என்பது அவர் கவலை. ரிங்கைச் சுற்றி நெட் மாட்டும் கொக்கிகள் 12. அதில் ஒரு கண் அறுந்தால்கூட ஏணி போட்டு ஏறி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். "நெட்டு கிழிஞ்சிருந்தா பந்து உள்ள போற சத்தமே வராதும்மா" என்பார். உண்மைதான். ரிங்கில் படாமல் பந்து நெட்டை உரசிக்கொண்டு இறங்கும் அந்தச் சத்தத்துக்காகவே ஆட வந்தவர்கள் எங்களில் பலர்.

இடது பக்கத்தில், ஃபவுலுக்காகக் கிடைக்கும் தனி எறிதலுக்கு நிற்கிற ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில், பந்து சரியாக எழும்பாத ஓர் இடம் இருந்தது. அடிச்சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே பிடிப்பு விட்டுப்போயிருந்ததால், அங்கே ட்ரிபிள் செய்தால், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போனால், அது பாதியிலேயே செத்துவிடும். அண்ணன் அதை எங்களுக்குச் சொன்னதோடு விடவில்லை. ஆட வருகிற எதிரணியையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். எங்களுக்கு அப்போது கோபம் கோபமாக வரும். "நம்மளத் தேடி வந்தவங்களத் தரை ஜெயிக்கக் கூடாதும்மா, நீங்க ஜெயிங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

கூடைப்பந்து பிறந்த கதையிலேயே இவரைப் போல ஒருவர் உண்டு. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், தன் வகுப்பின் 18 மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை யோசித்தார். இலக்காக வைக்க இரண்டு பெட்டி கிடைக்குமா என்று கட்டடப் பராமரிப்பாளர் ஸ்டெபின்ஸிடம் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக் கூடை இரண்டு இருக்கிறது என்று தேடி எடுத்து வந்தவர் ஸ்டெபின்ஸ். அந்தக் கூடைகளை, மேலே பார்வையாளர்கள் நிற்கும் மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார்கள். மாடத்தின் உயரம் 10 அடி. இன்றும் உலகம் முழுக்க ரிங் அதே 3.05 மீட்டரில்தான் இருக்கிறது. ஆட்டத்தின் முதல் இலக்கைத் தேடிக் கொடுத்தவர் ஆட்டக்காரர் இல்லை, கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். மார்க்கர் அண்ணனிடம் நேரில் சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

மாடம் என்றதும் நம் இன்டோரின் மாடம் கண்ணில் வருகிறது. கோர்ட்டுக்கு அவ்வளவு நெருக்கம். மேலே இருப்பவர்கள் காலால் தட்டினால் கீழே எங்கள் நெஞ்சுக்குள் அடிக்கும். ஆரம்ப காலத்தில் மாடத்தில் நின்றவர்கள் கைநீட்டிப் பந்தைத் தட்டிவிட்டதால்தான் கூடைக்குப் பின்னால் போர்டே வந்தது என்று பின்னாளில் படித்தபோது, எனக்கு அதை நம்புவதில் சிரமமே இருக்கவில்லை.

அலுவலக அக்காவுக்கு அடுத்த நன்றி. பகல் முழுக்கக் கட்டணக் கணக்கு எழுதிவிட்டு, மாலையில் ஸ்கோர் மேசைக்கு வந்து உட்காருவார். அப்போது ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒரு முறை பந்து கைக்கு வந்தால் எறிய 30 விநாடி. நான்கு கால்பகுதியும் 24 விநாடியும் 2000இல் விதி மாறிய பிறகு வந்தவை. ஸ்கோர் ஷீட் எழுதுவது பார்க்கச் சுலபமாகத்தான் தெரியும். களத்திலிருந்து எறிந்து விழுந்தால் சாய்வுக்கோடு, ஃப்ரீ த்ரோ என்றால் அடர்ந்த பொட்டு, தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுத்தால் ஆட்டக்காரர் எண்ணைச் சுற்றி வட்டம். இதற்கு நடுவே யாருக்கு எத்தனை ஃபவுல் என்ற கணக்கு. கூடமே எழுந்து நின்று கத்தும்போது அக்காவின் தலை மட்டும் குனிந்தே இருக்கும். நெருக்கமான ஆட்டங்களில் நடுவர்கள் வந்து அவருடைய தாளைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்புவார்கள்.

எங்களுக்கு முன்னால் படித்த அக்காக்களையும் இங்கே சொல்ல வேண்டும். மாணவிகளுக்கும் மாலை நேரத்தில் கோர்ட் வேண்டும் என்று பேசிப் பேசி வாங்கித் தந்தவர்கள் அவர்கள். அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் எங்களுக்கு அணியே இல்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். கூரைத் தகடு விலகி மழைத் தண்ணீர் இறங்கியதில், தரையின் மேப்பிள் மரப் பலகைகளின் ஓரங்கள் மேலே எழும்பி நடுப்பகுதி குழிந்துவிட்டது. மரத்தை மொத்தமாகப் பெயர்த்துவிட்டு வேறு தளம் போட்டுவிடலாம் என்ற பேச்சு பலமாகவே இருந்தது. அதை நிறுத்தியவர் வரலாற்றுத் துறை மேடம். பாரிஸில் ட்ரெவீஸ் தெருவில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. கூடத்தை அவர் எடுத்துக்காட்டினார். 1893இல் திறந்த அந்தக் கூடம்தான் உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கூடைப்பந்துக் களம். ஆடும் இடத்துக்குள்ளேயே இரும்புத் தூண்கள் நிற்கும், அதே மரத் தரை இன்னும் இருக்கும். அவ்வளவு சிரமத்தோடு ஒரு களத்தை வைத்துக்கொள்ள முடியுமென்றால், தூண் இல்லாத நம் களத்துக்கு என்ன குறை என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சின் திசையே மாறிவிட்டது.

தச்சு மேஸ்திரிக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். கூரை சரியானதும் நாங்கள் எல்லோரும் அவசரப்பட்டோம். மெஷின் வைத்து மேட்டைத் தேய்த்துவிட்டால் சமமாகிவிடுமே என்று நினைத்தோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஈரம் அளக்கும் கருவியின் இரண்டு ஊசிமுனைகளைப் பலகையில் குத்தி, எண்ணைக் காட்டினார். ஈரம் இருக்கும்போதே ஓரங்களைத் தேய்த்தால், பின்னால் காய்ந்து பலகை இறங்கும்போது ஓரம் பள்ளமாகவும் நடு மேடாகவும் நிற்கும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்றார். சுவரோரத்துப் பலகைகளை மட்டும் கழற்றி, அடியில் காற்றோட விட்டு, வாரக்கணக்கில் காத்திருந்தார். அடிக்கடி வருவார், ஊசியைக் குத்துவார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். பாதிக்கு மேல் பலகைகள் தாமாகவே படிந்தன. மீளாதவற்றை மட்டும் மாற்றினார். ஒரு பலகையின் நீட்டிய நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்தில் பொருந்துகிற இடத்தில் புதுப் பலகை எது, பழையது எது என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியவில்லை. சுவருக்கும் தரைக்கும் இடையே மரம் விரிய இடைவெளி விட்டிருக்கிறார். அதைக் குப்பை போட்டு அடைத்துவிடாதீர்கள் என்று இன்றைய மாணவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தேய்க்கும்போது ஒன்று நடந்தது. இப்போதைய செவ்வக வண்ணத்துக்கு அடியிலிருந்து பழைய சரிவகக் கோடுகள் மேலே வந்தன. 2010இல் விதி மாறி, ரிங்குக்கு முன்னால் இருந்த சரிவகம் செவ்வகமானது, 6.25 மீட்டரில் இருந்த மூன்று புள்ளிக் கோடு 6.75க்குத் தள்ளிப்போனது. எங்கள் ஆட்டம் முழுக்க அந்தப் பழைய கோடுகளுக்குள் நடந்ததுதான். மேஸ்திரி மெஷினை நிறுத்திவிட்டு எங்களை அழைத்துக் காட்டினார். நாங்கள் பார்த்து முடிக்கும்வரை அவர் மெஷினை மறுபடி போடவே இல்லை. மாற்ற வேண்டியிருந்த ஒரு பலகையில் அந்தச் சரிவகத்தின் மூலை இருந்தது. அதைக் கேட்காமலேயே எங்களுக்காக எடுத்து வைத்துவிட்டார்.

பணம் தந்தவர்களின் பெயர்கள் வாசல் பெயர்ப்பலகையில் இருக்கின்றன, தொகை இல்லாமல். நல்ல முடிவு. விடுமுறையில் வந்து பழைய பலகைகளைச் சுமந்த மாணவ மாணவிகளின் பெயர்களும் அதே பெயர்ப்பலகையில் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், வந்துவிடும்.

இனி தரையின் மேல்பூச்சை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அந்தச் செலவும் பொறுப்பும் எங்கள் அணியுடையது. மார்க்கர் அண்ணே, துடைப்பானை எப்படித் தள்ளுவது என்று இப்போது வந்திருக்கும் தம்பிக்கு ஒருமுறை வந்து காட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வண்டி அனுப்புகிறோம்.

நன்றியுடன்,
மாணவிகள் அணியின் பழைய 7ஆம் எண்