வண்டி கைமாறிவிட்டது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மூட்டுவலி பரவாயில்லையா? பதில் போடாததற்கு என்ன சாக்குச் சொன்னாலும் நீ நம்பமாட்டாய், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். எம்ஜிபியை விற்றுவிட்டேன்.

ஆமாம், அதே 1965 பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்தான். முதுகு ஒத்துழைக்கவில்லை. அவ்வளவு தாழ்வான சீட்டில் உட்காருவது சுலபம், எழுந்து வெளியே வர ஆள் தேவைப்படுகிறது. கொட்டகையில் உறை போட்டு மூடி வைப்பதற்கா ஆறு வருஷம் உழைத்துப் புதுப்பித்தேன்?

முதலில் தப்பாகத்தான் ஆரம்பித்தேன். பளபளவென்று துடைத்து, சாயங்கால வெயிலில் நிறுத்தி, இருபது படம் எடுத்து விளம்பரம் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லாம் சந்தேகத்தோடேயே வந்தார்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து மட்கார்டு முழுக்க ஓட்டிப் பார்த்தார். பட்டி போட்டு மறைத்த இடத்தில் பிடிக்காதே, அதற்காக. எனக்குச் சுருக்கென்றது. ராத்திரி படுத்து யோசித்தால், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். புதுப் பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது?

மறுநாள் அந்த அழகான படங்களை எடுத்துவிட்டேன். வண்டியைப் பிரித்தபோது எடுத்த அசிங்கமான படங்கள் இருந்தனவே, அவற்றைப் போட்டேன். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி துருப்பிடித்து, விரலால் குத்தினாலே உதிர்ந்துபோன படம். சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் உட்காரும் பெட்டி, அடித்தட்டே இல்லாமல் தரையைக் காட்டிய படம். எஞ்சின் விஷயத்தையும் ஒளிக்கவில்லை. அதில் இருந்தது அந்த வருஷத்து 18ஜிபி எஞ்சின் இல்லை, எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ மாற்றிப் போட்ட 18வி. அதே 1798 சிசிதான், ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரிஜினல் இல்லை என்றால் இல்லைதான். அதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதினேன். என் மனைவி, "விற்கத்தான் போகிறீர்களா?" என்று கேட்டாள்.

அப்புறம் வந்த அழைப்புகள் குறைவு, ஆனால் வேறு ரகம். கடைசியில் ஒரு பெண் வந்தாள், முப்பது வயதிருக்கும். முந்தின நாளே, "நான் வரும்வரை செல்ஃப் எடுக்காதீர்கள்" என்று சொல்லியிருந்தாள். வந்ததும் வணக்கம்கூட அப்புறம்தான், பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்ததும்தான் சிரித்தாள். சூடான எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும் இல்லையா? சோக்கை இழுத்துச் செல்ஃப் எடுத்தாள். ஒரு இருமல், அடுத்து இரண்டு எஸ்யூ கார்பரேட்டர்களும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. பின்னால் போய் சைலன்சர் புகையைப் பார்த்தாள். நீலம் இல்லை, அதாவது ஆயில் எரியவில்லை.

அதற்குப் பிறகு கேட்டாள் பார் ஒரு கேள்வி: "சில்லை வெட்டும்போது பாடியை எப்படித் தாங்கினீர்கள்?"

உனக்குத் தெரியும், இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, கூரையும் இல்லை. பாரத்தைப் பெரும்பாலும் சில்தான் சுமக்கிறது. முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் நடுவில் தொய்ந்துபோகும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. கதவுச் சட்டத்தின் குறுக்கே குழாய் வைத்து வெல்டிங் அடித்திருந்த படத்தை எடுத்துக் காட்டினேன். அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து மெதுவாகத் தள்ளினாள், 'டக்' என்று ஒரே சத்தத்தில் மூடியது. இடைவெளியில் மேலிருந்து கீழே நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, விலை பேச உட்கார்ந்தாள். எஞ்சினைக் காட்டிக் கொஞ்சம் குறைத்தாள், நியாயம்தான்.

கணக்கு கேட்பாய். உதிரி பாகம், பெயிண்ட், குரோம் பூச்சு எல்லாவற்றுக்கும் போட்ட பணம் வந்துவிட்டது. ஆறு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கூலி போட்டால் பெரிய நஷ்டம். நான் போடவில்லை.

உன் ஸ்பிட்ஃபயர் காரையும் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாயே. கொடுப்பதானால் இப்போதே அடியில் படுத்துப் படம் எடுத்து வை, கழுவாமல். கழுவி எடுத்தால் நீ எதையோ மறைக்கிறாய் என்றுதான் நினைப்பார்கள். பில்களை வருஷ வாரியாக அடுக்கு. முக்கியமாக, பதிவுப் புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்த தகட்டில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள். என் வண்டிக்குப் புத்தகத்தில் ஒரு எழுத்து தப்பாக ஏறியிருந்தது, அதைத் திருத்தவே மூன்று வாரம் அலைந்தேன்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கம்பிச் சக்கரத்தின் நடுவில் காது வைத்த நட்டை அடித்துக் கழற்ற ஒரு செம்புச் சுத்தியல் இருக்குமே, அது இங்கேயே தங்கிவிட்டது. அவளுக்கு உடனே தேவைப்படும். பார்சல் கட்டி மேஜைமேல் வைத்து நாலு நாளாகிறது. நாளைக்கு அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்