செவலையை எந்த இடத்தில் விட்டார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் குரங்கணியிலிருந்து, மலை மேலே கேரள எல்லையில் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு நடந்து ஏறிய நண்பர்களின் பயணக் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். பனியையும் புல்மேட்டையும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் முடிவில் வரும் ஒரு வரி என்னை நாலு நாளாகத் தூங்கவிடவில்லை. "மேலே ஜீப் காத்திருந்தது. வழித்துணையாக வந்த தெருநாய்க்கு நன்றி சொல்லி ஏறினோம். கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடி வந்தது."

ஐயா, அது தெருநாய் இல்லை. அதன் பெயர் செவலை. குரங்கணியில் பஸ் திரும்புகிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் அம்மா, கண் திறக்காத குட்டியாக எடுத்து வளர்த்தது. நீங்கள் போட்டிருக்கும் படத்திலேயே கருமூஞ்சியும் மடங்கின இடது காதும் தெளிவாகத் தெரிகின்றன. நாட்டு நாய்க்குப் பேர் போன கோம்பை எங்கள் தேனி மாவட்டத்து ஊர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த நிறமும் அந்த மூஞ்சியும் எங்கிருந்து வந்தன என்று படத்தைப் பார்த்தவுடனே தாங்கள் சொல்லிவிடுவீர்கள்.

அதைக் காணாமல் மூன்று வாரம் ஆகிறது. சிறுத்தை அடித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். உங்கள் இதழைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் காட்டியவன் நான்தான். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப உசுரோடதான் மேல போயிருக்கு" என்றார். ராத்திரி தட்டில் சோறு வைப்பதை அவர் இன்னும் நிறுத்தவில்லை.

நான் இந்தப் பக்கம் தபால் கொண்டுபோன ஆள். மலை மேல் ஊர்களான சென்ட்ரலுக்கும் முதுவாக்குடிக்கும் 26 வருடம் நடந்திருக்கிறேன். அதில் 8 வருடம் சின்னான் என்ற நாய் என்கூட வந்தது. மலையில் பிறந்த நாய் யானை வாடை பட்டால் குரைக்காது. வாலைத் தாழ்த்திக்கொண்டு வந்து காலோடு ஒட்டி நிற்கும். நானும் நின்றுவிடுவேன். அப்படி எத்தனை நாள் உயிர் பிழைத்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. டவுனில் வளர்ந்த நாயைக் கூட்டி வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. அது யானையைப் பார்த்துக் குரைக்கும், யானை திரும்பினால் நேராக எஜமானிடம்தான் ஓடிவரும். பின்னாலேயே யானையும் வரும்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். புல்மேட்டில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அதனால் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி முதலில் சின்னானுக்குக் கொடுத்துவிட்டுத்தான் நான் குடிப்பேன். மழைக்காலத்தில் இறங்கி வந்ததும் அதன் கால்விரல் இடுக்கில் அட்டை இருக்கிறதா, காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். கட்டுரையில் செவலைக்கு கிரீம் பிஸ்கட் போட்ட செய்தி இரண்டு இடத்தில் வருகிறது. தண்ணீர் கொடுத்ததாக ஓர் இடத்திலும் இல்லை.

1998 தை மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டு படுத்திருந்தபோது, சில கல்லூரிப் பையன்கள் இதே மாதிரி பிஸ்கட் காட்டிச் சின்னானை மேலே கூட்டிப்போய் விட்டுவிட்டார்கள். காய்ச்சலோடு ஏறி இரண்டு நாள் தேடினேன். ஒரு தோட்ட லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், பின்பக்கம் விறகுக் கட்டுக்கு அடியில் கிடந்தது. அந்த லயத்து நாய்கள் சேர்ந்து கழுத்தைக் கிழித்திருந்தன. கால் நாலும் வெடித்துப் புண். சாக்கில் போட்டுத் தோளில் சுமந்துதான் கீழே கொண்டுவந்தேன். அதற்கப்புறம் அது அந்நியர் யாரிடமும் போனதில்லை.

டாப் ஸ்டேஷன் எங்களுக்கு ஒரு காலை நடை. ரோட்டில் போனால் போடி, போடிமெட்டு, மூணாறு என்று சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல். நாய்க்கு ரோடு தெரியாது. வந்த பாதையில்தான் திரும்பும், அதுவும் தனியாக, சிறுத்தை நடமாடும் காட்டு வழியில்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். டாப் ஸ்டேஷனுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். யாரிடம் கேட்டார்கள்? மூணாற்றிலிருந்து குண்டளை வழியாக வந்த சின்ன ரயிலின் கடைசி நிலையம் அது. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குப் போயின. கொட்டகுடி முனைக்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். இடையில் இருக்கும் ஊர் இன்றைக்கும் சென்ட்ரல்தான். ரயில் 1924 வெள்ளத்தோடு போயிற்று. என் தாத்தா அங்கே பெட்டி தூக்கியவர். டீக்கடையில் உட்கார்ந்திருந்த யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கொழுக்குமலையைக் கேரளத்தில் சேர்த்து எழுதியதும் அப்படித்தான். ஜீப் சூரியநெல்லி வழியாகப் போகிறது என்பதால் மலை தேனி மாவட்டத்தை விட்டுப் போய்விடுமா?

2018 மார்ச் 11 அன்று எங்கள் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயையும் என்னால் மறக்க முடியவில்லை. மலையேற வந்தவர்களில் 23 உயிர் போனது. நெருப்பு அடங்கும் முன்பே மேலே ஏறியவர்கள் எங்கள் ஊர்க்காரர்களும் மலைவாழ் முதுவர்களும். போர்வையில் தொட்டில் கட்டிச் சுமந்து இறக்கினோம். நானும் ஒரு முனையைத் தோளில் வைத்தவன். உங்கள் இதழ் அன்று நாலு பக்கம் எழுதியது. அதில் எங்களைப் பற்றி இருந்தது "உள்ளூர்வாசிகள் சிலர்" என்ற இரண்டே சொல். அப்போதே எழுத நினைத்தேன், மனசு வரவில்லை.

2020 ஆகஸ்டில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி மண்சரிவில் நம் தமிழ்த் தோட்டக் குடும்பங்களில் 70 பேர் போனார்கள். நாட்கள் கழித்து ஒரு குழந்தையின் உடலை ஆற்றோரம் காட்டிக் கொடுத்தது அந்த வீட்டு நாய் குவி. அன்று பத்திரிகைகளெல்லாம் அதன் படத்தைப் போட்டன. குவியும் செவலையைப் போல ஒரு சாதாரண நாட்டு நாய்தான்.

மலையேறுகிறவர்களை வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வந்தால்தான் அந்த டீக்கடை நடக்கும். ஊர் நாய் பின்னால் வந்தால் பிஸ்கட் போடாதீர்கள், கடைசி வீடு தாண்டும் முன் யாரையாவது கூப்பிட்டுப் பிடித்துக் கொடுங்கள் என்று இனி வரும் பயணக் கட்டுரைகளின் கீழே ஒரு வரி போட்டால் போதும்.

அப்புறம் ஒரு உதவி. ஜீப் மூணாறு பக்கம் போனதா, வட்டவடை பக்கம் போனதா என்று கட்டுரை எழுதியவரிடம் கேட்டு ஒரு கார்டு போடச் சொல்லுங்கள். செவலை அந்தப் பக்கம்தான் ஓடியிருக்கும். முட்டி வலி இருந்தாலும் நான் போய்ப் பார்த்துவிடுவேன். இரண்டு பக்கமும் தேட இப்போது என் உடம்பில் தெம்பு இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
குரங்கணி, தேனி மாவட்டம்.