அலகில் கத்தி

அன்புள்ள சண்முகம்,

திட்டாதே. மருமகனுக்குக் கோஸ்டாரிக்காவில் வேலை என்றதும் மூட்டை கட்டி வந்தவன், உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எல்லோரும் நலம். என் முழங்கால் அப்படியேதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சராப்பிக்கிப் பக்கம் லா செல்வா என்று ஒரு ஆராய்ச்சிக் காடு. வருஷத்துக்கு நான்கு மீட்டர் மழை கொட்டுகிற இடம். வழிகாட்டிப் பையன் ஒரு புதரைக் காட்டினான். உள்ளே இடுப்பு உயரக் குச்சியில் 'லாங் பில்ட் ஹெர்மிட்'. ஹம்மிங்பேர்ட்தான், ஆனால் படத்தில் பார்க்கிற மினுமினுப்பு கிடையாது. பழுப்பு உடம்பு, ஆறு கிராம் எடை, கீழே வளைந்த நீள அலகு. 'ச்சீக், ச்சீக்' என்று விடாமல் ஒரே கத்தல், கூடவே வெள்ளை வால் நுனியும் ஆடுகிறது. பக்கத்துப் புதரில் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. ஒரே களத்தில் இருபத்தைந்து ஆண்கள்வரை கூடுமாம், எல்லாம் பெண் வந்து பார்க்கட்டும் என்றுதான். எனக்குப் பி.யூ.சி. காலத்து நீயும் அந்த டீக்கடை பெஞ்சும் ஞாபகம் வந்தது. ராஜகோபாலிடம் சொல்லாதே.

அந்த அலகின் கதையைக் கேள். வளர்ந்த ஆணுக்கு மட்டும் அதன் நுனி ஊசியாகக் கூர்ந்து நீள்கிறது. தேனுக்காக இல்லையடா, எதிராளியின் தொண்டையில் குத்த! கூர்மை அதிகமுள்ளவனுக்கே களத்தில் இடம் நிலைக்கிறது என்று 2015இல் ஆராய்ச்சிக்கட்டுரையே வந்திருக்கிறது. அந்த 'ச்சீக், ச்சீக்'தான் இதன் பாட்டு; வளர்ந்த பிறகும் பழைய பாட்டை விட்டுப் புதுப் பாட்டுக் கற்குமாம். நமக்கு அந்த வயதில் எதுவும் ஏறவில்லை.

பெண் வரும், ஒருவனைத் தேர்ந்தெடுக்கும், போய்விடும். பனை ஓலை நுனியின் அடியில் சிலந்தி நூலால் கூட்டை ஒட்டவைத்து, இரண்டு முட்டையிட்டு, அடைகாத்து, ஊட்டி வளர்ப்பதெல்லாம் அவள் ஒருத்தியே. இதைக் கேட்டதும் கமலா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

திரும்பும் வழியெல்லாம் அன்னாசித் தோட்டம். அதுதான் மனதை அரிக்கிறது. இந்தக் குருவி ஒரு பூவைக் காவல் காப்பதில்லை. ஹெலிகோனியாப் பூக்களைத் தேடி காட்டுக்குள் நெடுந்தூரம் சுற்றிச் சாப்பிடுகிறது. இதன் பங்காளியான பச்சை ஹெர்மிட்டை வேறிடத்தில் கொண்டுபோய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். வெட்டவெளியைக் குறுக்கே கடக்காமல் மரமுள்ள பக்கமாகவே சுற்றி வீடு திரும்பியதாம். மரமே தொடராத இடத்தில் அது எந்தப் பக்கம் சுற்றும்? பையனிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினான். அவன் அண்ணனுக்கு அந்தத் தோட்டத்தில்தான் வேலை. அவனிடம் வேறென்ன கேட்பது?

அப்புறம், மார்ச்சில் வருகிறோம். நீ கேட்ட காப்பிக்கொட்டை வாங்கி வைத்திருக்கிறேன். ராஜகோபாலுக்குப் பங்கு கிடையாது.

உன்,
வேலு