பாம்புகளுக்கு எட்டுப் பக்கம், காவேக்கு ஒன்றுமில்லையா?

சிறுவர்களுக்குப் பாரசீகக் கதைகள் வெளியிடும் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். பாரசீகக் காவியமான ஷாநாமாவின் அரசர்களைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றைப் போன வாரம் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஸஹ்ஹாக் என்ற கொடுங்கோல் மன்னனின் தோள்களில் முளைத்த பாம்புகளுக்கே எட்டுப் பக்கம். தினம் இரண்டு இளைஞர்களின் மூளை அவற்றுக்கு இரை. பக்கத்தைத் திருப்பினால் ஃபரீதூன் என்ற வீரன் வந்து கதாயுதத்தால் அடித்துக் கொன்றுவிடுகிறான். “அதுவரைக்கும் ஊர்ல இருந்தவங்க என்னப்பா பண்ணாங்க?” என்றாள் மகள்.

ஷாநாமாவை இயற்றிய கவிஞர் ஃபிர்தௌசி இதற்குப் பதில் எழுதி ஆயிரம் வருஷம் ஆகிறது. மன்னனை எதிர்த்து நின்ற கொல்லன் காவேயின் கதையோடு சேர்த்து அதை வெட்டியது நீங்கள்தான்.

ஸஹ்ஹாக்கைக் கூப்பிட்டு முடிசூட்டியதே ஊர்க்காரர்கள்தான். அவனுக்கு முன் ஈரானை 700 ஆண்டு ஆண்ட ஜம்ஷித், ‘எல்லாம் என் படைப்பு’ என்று சொல்லப்போக, ‘ஃபர்’ என்னும் அரச ஒளி அவனை விட்டு நீங்கியது. (இந்த ஜம்ஷித்தும் நம் எமனும் ஒரே பழங்கதையின் இரு கிளைகள். அதையாவது ஒரு வரி போட்டிருக்கலாம்.) ஈரானியப் படைவீரர்கள் அரபு நாட்டுக்குத் தாங்களே போய் ஸஹ்ஹாக்கை அழைத்துவந்தார்கள்.

அர்மாயில், கர்மாயில் என்ற இருவர் அரண்மனைச் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்கிறார்கள். பாம்புகளுக்காக தினம் பிடித்துவரும் இரண்டு இளைஞர்களில் ஒருவனைத்தான் அவர்களால் காப்பாற்ற முடிகிறது. அவனுக்குப் பதில் ஆட்டு மூளையைக் கலந்துவிடுகிறார்கள். மற்றவன் செத்துத்தான் ஆகவேண்டும். குழந்தைகளுக்கு இது கனம் என்று நினைத்தீர்களோ? பாம்பு மூளை தின்பதைப் பார்க்கிற பிள்ளை இதையும் தாங்கும்.

பிறகு அந்தப் பத்திரம். ‘மன்னன் நன்மையைத் தவிர வேறெதையும் விதைத்ததில்லை’ என்று எழுதிப் பெரியமனிதர்களிடம் கையெழுத்து வாங்குகிறான் ஸஹ்ஹாக். பயத்தில் எல்லோரும் போடுகிறார்கள். அந்நேரம் பார்த்து வாசலில் கொல்லன் காவேயின் கூக்குரல். 18 மகன்களில் மிஞ்சியவன் ஒருவன், அவனையும் பிடித்துவிட்டார்கள். மன்னன் பையனை விட்டுவிட்டு, ‘நீயும் போடு’ என்கிறான். காவே முழுவதும் படிக்கிறான். கையெழுத்திட்ட பெரியவர்களைப் பார்த்துத்தான் முதலில் கத்துகிறான். அப்புறம் கிழித்துக் காலில் போட்டு மிதிக்கிறான்.

அடுத்த பதிப்பில் இந்த இடத்துக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். ஃபரீதூன் ஸஹ்ஹாக்கைக் கொல்லவும் இல்லை. தமாவந்த் மலையில் கட்டிப்போட்டான். அதையும் திருத்திவிடுங்கள்.

ஓவியரிடம் ஒன்று சொல்லவேண்டும். பட்டறையில் நெருப்பு படாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த தோலைத்தான் மக்களைத் திரட்ட காவே ஈட்டி முனையில் மாட்டிக் கொடியாகத் தூக்கினான். பொன்னும் மணியும் ஃபரீதூன் பின்னால் பதித்தவை. காவேயின் கையில் அது வெறும் தோலாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகன்